பேட்டரி டிரில்: ஜன்னலுக்கு மேல் துளை இறங்கவில்லை, மோட்டார் சூடாகிறது. என்ன செய்யலாம்?

தாம்பரம் புதுவீடு:
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 18 வோல்ட் பேட்டரி டிரில் இருக்கிறது. பிரஷ் மோட்டார், 13 மி.மீ. சக் (பிட்டை, அதாவது துளைக்கும் முனையைக் கவ்வும் வாய்), சுத்தியல்போல் தட்டிக்கொண்டே சுற்றும் ஹேமர் வசதி உண்டு, 2 ஆம்பியர் அவர் (Ah) பேட்டரி. அலமாரி, கண்ணாடி, சாமி படம் எல்லாம் இதை வைத்தே மாட்டியாகிவிட்டது. ஹால் சுவரில் 6 மி.மீ. பிட் தடையில்லாமல் இறங்குகிறது. ஆனால் ஜன்னலுக்கு மேல் திரைச்சீலை ராடு மாட்டப் போனால், பூச்சு தாண்டியதும் அப்படியே நின்றுவிடுகிறது. விடாமல் அழுத்தினால் கருகிய வாசனை வருகிறது, பேட்டரி நன்றாகச் சுடுகிறது. பிட் புதிதுதான். டிரில்லில் கோளாறா, இல்லை இந்த மாடலே போதாதா? கடைக்காரர் இன்னும் பெரிய பேட்டரி டிரில்லாக வாங்கச் சொல்கிறார். எனக்கு அதில் முழு நம்பிக்கை வரவில்லை.

காரைக்குடி தச்சர்:
தம்பி, வாங்க வேண்டாம். உங்கள் டிரில் நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் துளைப்பது செங்கல் இல்லை, லிண்டல். நம் ஊர் வீடுகளில் தரையிலிருந்து ஏறத்தாழ 7 அடி உயரத்தில், கதவு ஜன்னல் தலைக்கு மேல் ஓடுகிற கான்கிரீட் பட்டை அது. பெரும்பாலும் 6 அங்குல உயரம் இருக்கும், உள்ளே கம்பி கட்டியிருப்பார்கள். ராடு மாட்டும் இடம் சரியாக அதன்மேல்தான் விழும். புதுவீடு கட்டிய பாதிப் பேர் முதலில் தடுக்கி நிற்பது இங்கேதான்.

பேட்டரி டிரில்லில் உள்ள ஹேமர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் விஷயம் புரிந்துவிடும். சக்குக்குப் பின்னால் பல் வெட்டிய இரண்டு வட்டுகள் இருக்கின்றன. ஒன்றின் பல்மேல் மற்றது ஏறி இறங்கும்போது பிட் மயிரிழை அளவு முன்னும் பின்னும் ஆடும். நிமிடத்துக்கு 20,000 தட்டுக்கு மேல் வரும், ஆனால் ஒவ்வொரு தட்டிலும் பலம் மிகக் குறைவு. அந்தப் பலமும் நீங்கள் தோள் கொடுத்து அழுத்துவதில்தான் இருக்கிறது. செங்கல்லுக்கு அது தாராளம். கான்கிரீட்டில் இருக்கும் கருங்கல் ஜல்லியை அது உடைக்காது, வெறுமனே தேய்க்கும். சூடு வருவது அதனால்தான்.

ரோட்டரி ஹேமர் என்பது வேறு சாதி மெஷின். உள்ளே ஒரு பிஸ்டன் காற்றை அழுத்த, அந்தக் காற்று ஒரு குட்டிச் சுத்தியலைத் தள்ளி பிட்டின் பின்புறத்தில் அடிக்கிறது. நிமிடத்துக்கு 4,000, 5,000 அடிதான், ஆனால் சின்ன மெஷினிலேயே ஒவ்வொரு அடியும் 2 ஜூல் அளவுக்கு இருக்கும். ஜல்லி நொறுங்கி வெளியே வரும். நாம் அழுத்தவே தேவையில்லை, பிடித்துக்கொண்டு நின்றால் போதும். இதற்கு காடி வெட்டிய எஸ்டிஎஸ் பிட் வேண்டும், உங்கள் பழைய பிட் சேராது. ஹார்டுவேர் கடைகளில் நாள் வாடகைக்குக் கிடைக்கும். எல்லா ஜன்னலுக்கும் குறி போட்டு வைத்துக்கொண்டு ஒரே நாளில் முடித்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. ஜன்னல் விளிம்பிலிருந்து 7, 8 அங்குலம் மேலே போனால் லிண்டல் முடிந்து மறுபடி செங்கல் வந்துவிடும். அங்கே உங்கள் டிரில்லே போதும். திரை கொஞ்சம் நீளமாகத் தைக்க வேண்டும், அவ்வளவுதான்.

கோவை வைண்டர்:
மோட்டார் காயில் கட்டுவது என் தொழில். கருகிய வாசனை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதை அலட்சியம் செய்தால் மெஷின் போய்விடும்.

டிரில்லின் தலையில் 1, 2 என்று ஒரு தள்ளு பட்டன் இருக்கும். அது கியர். 1-இல் நிமிடத்துக்கு 400, 500 சுற்று, விசை அதிகம். 2-இல் 1,500க்கு மேல், விசை குறைவு. 2-இல் வைத்து கனமான வேலை கொடுத்தால் மோட்டார் சுற்ற முடியாமல் திணறும். திணறும் மோட்டார்தான் அதிகக் கரண்ட் இழுக்கும். அதே நேரம், மோட்டாரைக் குளிர வைக்கும் விசிறி அதே தண்டில்தான் இருக்கிறது. தண்டு மெதுவானால் காற்றும் நின்றுபோகும். கரண்ட் கூடுகிறது, காற்று குறைகிறது. காயிலின் வார்னிஷ் கருகும் வாசனைதான் உங்களுக்கு வந்தது.

ஒருமுறை வாசனை வந்ததால் மெஷின் செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. வேலையை நிறுத்துங்கள். ஆனால் டிரில்லைக் கீழே வைத்துவிடாதீர்கள். பிட்டைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, கியரை 2-க்கு மாற்றி, ஒரு நிமிடம் சும்மா வேகமாக ஓட விடுங்கள். விசிறி உள்சூட்டை வெளியே தள்ளிவிடும். கியர் மாற்றுவது எப்போதும் மோட்டார் முழுதாக நின்ற பிறகுதான். ஓடும்போது தள்ளினால் பல் உடையும்.

அப்புறம், திசை பட்டனையும் பாருங்கள். ரிவர்ஸில் இருந்தாலும் செங்கல்லில் ஓரளவு இறங்கிவிடும், அதனால் பலருக்குத் தெரிவதே இல்லை. கான்கிரீட்டில் அதுவும் இறங்காது, பிட்டின் முனையும் வீணாகும்.

பெருங்குடி ஃபிளாட்:
லிண்டலில் முதலில் 4 மி.மீ. பிட், பிறகு 6 மி.மீ. என்று இரண்டு தடவையாகப் போட்டால் பேட்டரி டிரில்லிலேயே இறங்கும் என்று யூடியூபில் பார்த்தேன். செய்யலாமா?

காரைக்குடி தச்சர்:
மரத்திலும் இரும்பிலும் அது நல்ல பழக்கம். கான்கிரீட்டில் நான் செய்ய மாட்டேன். கல் பிட்டின் முனையில் வைத்திருப்பது கார்பைடு துண்டு. கடினமானது, ஆனால் ஓரத்தில் இடித்தால் சில்லு தெறிக்கும். முன்பே துளை இருந்தால் பெரிய பிட் துளையின் ஓரத்தில் மாட்டி மாட்டித்தான் போகும்.

கோவை வைண்டர்:
இதில் அண்ணனோடு கொஞ்சம் வேறுபடுகிறேன். இரண்டே இரண்டு துளைக்காக மெஷின் வாடகைக்கு எடுக்க முடியாதவர்கள் இந்த வழியில் செய்து பார்த்திருக்கிறேன், இறங்குகிறது. பிட்டை அடிக்கடி வெளியே இழுத்துத் தூசியை எடுக்க வேண்டும், நடுநடுவே மோட்டாருக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். ஆனால் புதுவீட்டுக்காரருக்கு ஜன்னல் நிறைய. அவருக்கு வாடகை மெஷின்தான் சரி.

ஒன்று மட்டும்: பிட் முனை சூட்டில் நீலமாகிவிட்டால் உடனே தண்ணீரில் முக்காதீர்கள். கார்பைடில் விரிசல் விழும், ஒட்டவைத்த பற்றும் விட்டுப்போகும். தானாக ஆறட்டும்.

தாம்பரம் புதுவீடு:
மிக்க நன்றி. வாடகைக்கு எடுத்து வேலையை முடித்துவிட்டேன். ஒவ்வொரு துளையும் சில நொடிகளில் இறங்கியது, நம்பவே முடியவில்லை. ஒரு ஜன்னலில் மட்டும் பாதியில் டக்கென்று நின்றது. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே பளபளவென்று தெரிந்தது. கம்பி என்று புரிந்து ஓர் அங்குலம் மேலே தள்ளிப் போட்டேன். அது சரிதானே?

காரைக்குடி தச்சர்:
சரியாகச் செய்தீர்கள். பூச்சு அரை அங்குலம், கம்பிக்கு வெளியே விடும் கான்கிரீட் மூட்டம் (கவர்) சுமார் ஓர் அங்குலம். ஆக ஒன்றரை அங்குல ஆழத்தில் கம்பி தட்டுவது சகஜம். நீளக் கம்பி படுக்கையாக ஓடும், அதனால் மேலே கீழே தள்ளுவது சரி. வளையக் கம்பி நின்றவாக்கில் இருக்கும். அது தட்டினால் பக்கவாட்டில் தள்ள வேண்டும். கம்பியை அறுத்துக்கொண்டு போகக் கூடாது. அந்தக் கம்பிதான் மேலே உள்ள சுவரைத் தாங்குகிறது. விட்ட துளையைச் சிமெண்ட் குழைத்து அடைத்துவிடுங்கள்.

நெல்லை அக்கா:
டிரில் எடுக்கும் முன் ஸ்விட்ச் போர்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதிலிருந்து நேர் மேலே, நேர் கீழே பைப்புக்குள் ஒயர் போகும். அந்தக் கோட்டில் துளை வேண்டாம். குளியலறைக்குப் பின்பக்கச் சுவரில் தண்ணீர்க் குழாய். வீடு கட்டும்போதே, பூச்சுக்கு முன்னால் எல்லாச் சுவரையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டவர்கள் புத்திசாலிகள்.

சேலை முந்தானை, துப்பட்டா, தளர்ந்த சட்டைக் கை, அவிழ்ந்த தலைமுடி, லுங்கியின் தொங்கும் முனை, எல்லாம் சுற்றும் பிட்டுக்கு அருகே ஆபத்து. துணிக் கையுறையும் அப்படித்தான். டிரில்லுக்கு வெறுங்கைதான் நல்லது. கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். கான்கிரீட் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலில் தங்கும். நல்ல மாஸ்க் போடாமல் மேற்கூரையில் துளை போடவே கூடாது. பிட் மாற்றும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். பக்கக் கைப்பிடி கொடுத்திருந்தால் அதை மாட்டித்தான் பிடியுங்கள். பிட் இறுகி நின்றால் டிரில் கையைச் சேர்த்து முறுக்கும், மணிக்கட்டு போய்விடும்.

டைல்ஸ் பற்றி யாரும் சொல்லவில்லை. டைல்ஸில் ஹேமர் கூடவே கூடாது. குறி வைத்த இடத்தில் ஒட்டும் காகித டேப் ஒட்டி, ஈட்டி முனை பிட்டோ வைர பிட்டோ போட்டு, மெதுவாக ஆரம்பியுங்கள். பளபளப்பு தாண்டி, டைல்ஸ் முழுதும் துளைந்து சுவர் வந்த பிறகுதான் கல் பிட், பிறகுதான் ஹேமர். ராவல் பிளக் (திருகு பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் குழல்) டைல்ஸுக்குள் நிற்கக் கூடாது, அதைத் தாண்டிச் சுவருக்குள் போய்விட வேண்டும். இல்லையென்றால் திருகை முறுக்கும்போது டைல்ஸ் வெடிக்கும்.

வெள்ளையாக, லேசாக இருக்கும் ஏஏசி பிளாக் (உள்ளே காற்றுக் குமிழி நிறைந்த சிமெண்ட் கல்) சுவர் என்றாலும் ஹேமர் வேண்டாம். சும்மா சுற்றினாலே இறங்கும். ஹேமர் போட்டால் துளை அகன்று பிளக் சுழலும். அந்தச் சுவருக்கென்று நீள நைலான் பிளக் விற்கிறார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள்.

பெருங்குடி ஃபிளாட்:
அக்கா, சக்கை ஒட்டி 1 முதல் 20 வரை எண் போட்ட வளையம் எதற்கு? நான் எப்போதும் டிரில் படத்திலேயே வைத்திருக்கிறேன்.

நெல்லை அக்கா:
அது கிளட்ச். திருகு முறுக்கும்போது, குறிப்பிட்ட விசைக்கு மேல் போனால் டர்ரென்று சத்தம் போட்டு நின்றுகொள்ளும். டிரில் படத்தில் வைத்தால் கிளட்ச் வேலை செய்யாது, முழு விசையும் திருகுக்குப் போகும். சமையலறை அலமாரி கீல்களைப் பார்டிகிள் போர்டில் மாட்டும்போது அப்படி வைத்தால் மரத்தூள் நொறுங்கி, திருகு பிடிப்பே இல்லாமல் சுழலும். 4-இல் ஆரம்பியுங்கள். திருகு பாதியில் நின்றால் 5, 6 என்று கூட்டுங்கள். தலை மரத்தோடு படியும் எண்ணைக் கண்டுபிடித்துவிட்டால் மீதி அத்தனை திருகும் ஒரே ஆழத்தில் உட்காரும். டிரில் வாங்கும் பலர் தொடாமலே விடுவது இந்த வளையத்தைத்தான். அதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

காரைக்குடி தச்சர்:
தேக்கில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் தொரப்பணம் (கயிறு சுற்றி இழுத்துத் துளைக்கும் பழைய கைக்கருவி) இழுத்து வேலை பழகியவன். அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, முன்துளை போடாமல் தேக்கில் திருகு ஏற்றக் கூடாது. 4 மி.மீ. திருகுக்கு 3 மி.மீ. துளை. திருகின்மேல் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டு முறுக்குங்கள். சோப்பு தேய்க்காதீர்கள், அது ஈரத்தை இழுத்துத் திருகைத் துருப்பிடிக்க வைக்கும்.

எவர்சில்வர் தகட்டில் துளை போடுபவர்கள் வேகத்தைக் குறைத்து, அழுத்தத்தைக் கூட்டி, சொட்டு எண்ணெய் விட்டுப் போடுங்கள். வேகமாகச் சுற்றி மேலோட்டமாகத் தேய்த்தால் தகடு அந்த இடத்தில் இறுகிவிடும், பிறகு எந்த பிட்டும் ஏறாது. அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் நன்றாக இருக்கும்.

ரிச்சி தெரு பக்கம்:
பேட்டரி பேக் பழுது பார்ப்பவன் நான். இழையில் பேட்டரிக்கு வருவார்கள் என்று காத்திருந்தேன். டிரில்லில் விலை அதிகமான உறுப்பும், நாம் அதிகம் பாழாக்குவதும் அதுதான்.

18 வோல்ட் பேக்கைத் திறந்தால் 5 லித்தியம் செல் தொடராக இருக்கும். ஒன்று 3.6 வோல்ட், ஆக 18. முழு சார்ஜில் ஒரு செல் 4.2, ஆக 21. சில கம்பெனி 20 வோல்ட் மேக்ஸ் என்று போடுவதும் இதே 5 செல்தான். ஆன்லைனில் 48, 88 என்று பெரிய எண் அச்சிட்டு மலிவாக விற்கும் டிரில்களைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் அதே 5 செல் இருக்கிறது. எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள்.

வழக்கமாக 2 ஆம்பியர் அவர் பேக்கில் 5 செல், 4 ஆம்பியர் அவர் பேக்கில் 10 செல், இரண்டிரண்டாகப் பக்க இணைப்பில். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று: பெரிய பேக் போட்டால் நேரம் மட்டும் கூடுவதில்லை, அதே டிரில்லில் பலமும் கூடும். ஒவ்வொரு செல்லும் பாதிக் கரண்ட் கொடுத்தால் போதும் என்பதால் வோல்டேஜ் கீழே சரியாது, சூடும் குறையும். புதுவீட்டுக்காரரே, உங்களுக்குப் புது டிரில் வேண்டாம். முடிந்தால் ஒரு 4 ஆம்பியர் அவர் பேக் மட்டும் வாங்குங்கள்.

போலி பேக்கை எடையில் பிடிக்கலாம். வழக்கமான 18650 செல் (18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளமுள்ள உருளை) ஒன்று 45 கிராமுக்கு மேல் இருக்கும். 10 செல் என்றால் செல் மட்டுமே சுமார் அரைக் கிலோ. கையில் எடுத்தால் லேசாக இருக்கும் 6 ஆம்பியர் அவர் பேக்கை நம்பாதீர்கள்.

பராமரிப்பில் முதல் எதிரி சூடு. வேலை முடிந்த கையோடு சுடும் பேட்டரியைச் சார்ஜரில் குத்தாதீர்கள், அரை மணி ஆறட்டும். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள், வண்டி டிக்கிக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள். 40 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றுவதும், முழுச் சார்ஜில் சூட்டில் மாதக்கணக்கில் கிடப்பதும் செல்லின் ஆயுளைத் தின்னும். கொஞ்ச நாள் தொட மாட்டோம் என்றால் பாதிச் சார்ஜில், டிரில்லிலிருந்து கழற்றி, வீட்டில் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள்.

கோவை வைண்டர்:
முழுதாகத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும் என்று எங்கள் கடைக்கு வருபவர்கள் இன்னும் சொல்கிறார்கள். இதை எப்படிப் புரிய வைப்பது?

ரிச்சி தெரு பக்கம்:
அது நிக்கல் காட்மியம் காலத்துப் பழக்கம். 1961-இல் பிளாக் அண்ட் டெக்கர் கொண்டுவந்த முதல் பேட்டரி டிரில்லில் இருந்தது அந்த வகை பேட்டரிதான். டிரில்களில் லித்தியம் பரவியது 2005க்குப் பிறகு. பாதியில் சார்ஜ் போட்டுப் பழக்கினால் அந்த அளவோடு நின்றுவிடும் நினைவுக் கோளாறு லித்தியத்துக்கு இல்லை. நேர்மாறாக, அதை ஒட்டத் தீர்ப்பதுதான் கெடுதல். வேகம் குறைவது தெரிந்தவுடன் சார்ஜில் போடுங்கள்.

தீர்ந்த பேட்டரியை மாதக்கணக்கில் போட்டு வைத்தால் செல் 2.5 வோல்ட்டுக்குக் கீழே போய், சார்ஜர் சிவப்பு விளக்கு போட்டு மறுத்துவிடும். அப்போது இன்னொரு பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து எழுப்பலாம் என்று வீடியோக்கள் சுற்றுகின்றன. தயவுசெய்து செய்யாதீர்கள். அவ்வளவு கீழே போன செல்லில் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரைய ஆரம்பித்திருக்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம், தீப்பிடிக்கலாம். உப்பிய செல், தண்ணீர் புகுந்த பேக் இரண்டுக்கும் இதே பதில்: தொடாதீர்கள். குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி தயாரிப்பாளர்களுக்குத் திரும்ப வாங்கும் பொறுப்பு இருக்கிறது. சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

ஊட்டி, கொடைக்கானல் நண்பர்களுக்கு மட்டும் ஒன்று. பனி உறையும் காலையில் குளிர்ந்து கிடக்கும் பேட்டரியை அப்படியே சார்ஜ் போடாதீர்கள். பூஜ்ஜியத்துக்குக் கீழே லித்தியம் உலோகமாகப் படியும், செல் நிரந்தரமாகக் கெடும். அறைச் சூட்டுக்கு வரட்டும்.

நாகை கடலோரம்:
எங்கள் ஊரில் உப்புக் காற்றுதான் பிரச்சினை. ஐப்பசி, கார்த்திகையில் பெட்டியைத் திறந்தால் பிட்டெல்லாம் செம்பழுப்பு. சக் விரல்களும் இறுகிவிடுகின்றன.

காரைக்குடி தச்சர்:
வேலை முடிந்ததும் பிட்டைத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு இழு இழுத்து வையுங்கள். சக்கைத் தரையைப் பார்க்கத் திருப்பி, முழுதாகத் திறந்து, பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். பிறகு ஒரே ஒரு சொட்டு எண்ணெய், திறந்து மூடி, வழிவதைத் துடைத்துவிடுங்கள். நிறைய விட்டால் அடுத்த முறை சிமெண்ட் தூசி அதோடு கலந்து பசையாக உள்ளே உட்காரும்.

மேற்கூரையில் துளை போடும்போது பழைய ரப்பர் பந்தைப் பாதியாக வெட்டி பிட்டில் கோத்துக்கொள்ளுங்கள். தூசி அதில் விழும், சக்குக்குள் போகாது.

சக் ஒரேயடியாகப் போய்விட்டால் டிரில்லையே தூக்கிப்போட வேண்டாம், சக் தனியாகக் கிடைக்கும். கழற்றும்போது கவனம்: வாயை முழுதாகத் திறந்தால் அடியில் ஒரு திருகு தெரியும், அது இடமறை. வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் அதன் தலையை மழுக்கியவர்கள் பலர்.

கோவை வைண்டர்:
பிரஷ் மோட்டார் வைத்திருப்பவர்கள் காற்றோட்டத் துளை வழியாகப் பாருங்கள். உள்ளே சின்ன நீலப் பொறி சகஜம். பெரிதாக வட்டமடித்துப் பொறி பறந்தால், அல்லது டிரில்லைத் தட்டினால்தான் ஓடுகிறது என்றால் கார்பன் தேய்ந்துவிட்டது. சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் இரண்டு கார்பன் துண்டுகள் அவை, பிரஷ் என்பது இவைதான். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். மலிவான மாடல்களில் கார்பன் தனியாகக் கழலாது. மோட்டாரையே மாற்ற வேண்டும். மோட்டாரின் அளவு, அதன் நுனியில் உள்ள பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கை இரண்டையும் பார்த்து வாங்குங்கள்.

சிங்கை ஊழியர்:
இழை முழுவதும் படித்தேன், அருமை. ஒரு சந்தேகம். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது அப்பாவுக்கு ஒரு டிரில் வாங்கி வரலாம் என்று இருக்கிறேன். சார்ஜர் அங்கே வேலை செய்யுமா? என் தம்பி அமெரிக்காவிலிருந்து ஒன்று அனுப்புவதாகவும் சொல்கிறான், எது நல்லது?

ரிச்சி தெரு பக்கம்:
நீங்களே வாங்கி வாருங்கள். சிங்கப்பூரும் 230 வோல்ட், நம் ஊரும் 230. பிளக் வடிவம் மட்டும் மாறும், அடாப்டர் போதும். அமெரிக்க சார்ஜர்கள் பல 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்டவை, இங்கே குத்தினால் அந்த நிமிடமே போய்விடும். தம்பி ஏற்கெனவே வாங்கிவிட்டார் என்றால் சார்ஜர் அடியில் உள்ள லேபிளைப் பார்க்கச் சொல்லுங்கள். 100 முதல் 240 என்று இருந்தால் கவலை இல்லை. 120 மட்டும் இருந்தால், அதே பேட்டரிக்கு இந்தியாவில் விற்கும் சார்ஜர் ஒன்று வாங்கிவிடுங்கள்.

விமானத்தில் டிரில்லை செக்-இன் பெட்டியில் போடுங்கள், கேபினுக்குள் விட மாட்டார்கள். கழற்றிய பேட்டரியைக் கேபின் பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும், முனைகளில் டேப் ஒட்டி. அளவைக் கணக்குப் போட வோல்ட்டை ஆம்பியர் அவரால் பெருக்குங்கள். 18 வோல்ட், 5 ஆம்பியர் அவர் என்றால் 90 வாட் அவர்; 100க்குள் இருப்பதால் பிரச்சினை இல்லை. 6 ஆம்பியர் அவர் என்றால் 108. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்திடம் முன்அனுமதி வேண்டும், அதுவும் இரண்டு பேட்டரிக்கு மேல் விட மாட்டார்கள். அப்பாவுக்கு வீட்டு வேலைக்குத்தானே, இரண்டு 2 ஆம்பியர் அவர் பேக் எடுத்து வாருங்கள். டிரில்லும் கையில் லேசாக இருக்கும், ஒன்று சார்ஜில் இருக்கும்போது இன்னொன்றை வைத்து வேலை ஓடும்.